சோலாரா, மின்விசிறியா, அடுப்பா? மஷூராவுக்கு முன் ஓர் அட்டவணை



முன்பெல்லாம் பள்ளிவாசல் விரிவாக்கம், ஒளூச் செய்யும் இடம், மையவாடிக்குச் சுற்றுச்சுவர் என்று உதவி கேட்டு வந்த ஜமாஅத்துகள், இப்போது "மாடியில் சோலார் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன. நல்ல மாற்றம்தான். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. வெயிலோ நம் ஊரில் கேட்காமலேயே கிடைக்கிறது. இறைவன் தந்த ஒளியை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் உயர்ந்தது.

ஆனால் அந்த விண்ணப்பங்களைப் படிக்கும்போது எங்களுக்கு ஒரு கவலை வருகிறது. பெரும்பாலானவற்றில் முடிவு முதலில் எடுக்கப்பட்டு, காரணம் பிறகு எழுதப்பட்டிருக்கிறது. சோலார் என்று தீர்மானித்தாகிவிட்டது, எத்தனை கிலோவாட் என்பதுதான் கேள்வி. அந்தப் பணத்தை வேறு எதில் போட்டிருக்கலாம், அதனால் யாருக்கு என்ன நன்மை கிடைத்திருக்கும் என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை. ஜமாஅத்தார் கொடுத்த பணம் நம்மிடம் அமானத். அதைச் செலவழிக்கும் முன் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கடமை நிர்வாகிகளுக்கு உண்டு.

அப்படி வைத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. ஆங்கில நூல்களில் நீளமான பெயர்களால் அழைக்கப்பட்டாலும் தமிழில் 'பல அளவுகோல் முடிவு முறை' என்று சொல்லிவிடலாம். ஒரு மாநிலத்துக்குக் காற்றாலை நல்லதா, நீர்மின் நிலையம் நல்லதா, எங்கே எதை அமைப்பது என்று திட்டமிடும் வல்லுநர்கள் பல பத்தாண்டுகளாக இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மதரஸாவின் கரண்ட் பில்லுக்கும் இது பொருந்தும். தேவை ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மணி நேரம் பொறுமை.

இதன் அடிப்படை எளிது. ஒரே ஓர் அளவுகோலை, உதாரணமாக விலையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் குழப்பமே இல்லை. குறைந்த விலை எதுவோ அதை வாங்கிவிடலாம். ஆனால் எரிசக்தி விஷயத்தில் பணச் சேமிப்பு ஒரு பக்கம் இழுக்கும், மின்வெட்டு நேரத்துத் தேவை இன்னொரு பக்கம் இழுக்கும். பழுதுபார்க்க ஆள் கிடைப்பது, சமையல் செய்பவரின் உடல்நலம், சுற்றுச்சூழல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். இவற்றில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று முதலில் எடை போட வேண்டும். பிறகு ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வோர் அளவுகோலிலும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணை எடையால் பெருக்கிக் கூட்டினால் எந்த வழி முன்னே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பெருக்கலும் கூட்டலும் பள்ளிப்பிள்ளைக்குத் தெரிந்தவை. கடினம் எல்லாம் எடை போடுவதில் இருக்கிறது. அதை ஒரு கணக்கோடு பார்ப்போம். கீழே வருவது எந்த ஊரையும் குறிப்பதல்ல. விளக்கத்துக்காக நாங்கள் அமைத்துக்கொண்டது. தொகைகள் தோராயமானவை.

அறுபது மாணவர்கள் தங்கி ஓதும் ஒரு மதரஸா, அதை ஒட்டி ஒரு பள்ளிவாசல். கையில் நன்கொடையாக வந்த 4 லட்சம் ரூபாய். நான்கு யோசனைகள் வருகின்றன. மாடியில் 5 கிலோவாட் சோலார், மின்வாரிய இணைப்போடு, பேட்டரி இல்லாமல். சுமார் 3 லட்சம். விடுதியிலும் வகுப்பறைகளிலும் உள்ள 40 பழைய மின்விசிறிகளை எடுத்துவிட்டு மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறிகள், சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். 2 கிலோவாட் சோலாருடன் பேட்டரி, மின்வெட்டில் ஓடும்படி. சுமார் 2½ லட்சம். நான்காவது, சமையற்கட்டில் திறந்த விறகடுப்பை எடுத்துவிட்டுப் புகைபோக்கி வைத்த அடுப்பு, சோறு வடிக்கத் தனியே கேஸ் அடுப்பு, காற்றோட்டத்துக்கு ஜன்னல்; சுமார் ஒன்றரை லட்சம். இந்த நான்காவதை யாரும் எரிசக்தித் திட்டம் என்றே நினைப்பதில்லை. ஆனால் விறகும் எரிசக்திதானே!

எடைக்குப் போகும் முன் ஒரு சல்லடை வேண்டும். சில விஷயங்களுக்கு மதிப்பெண் போடவே கூடாது. வட்டிக் கடனில் சோலார் போட்டால் மாதம் இவ்வளவு மிச்சம் என்று ஒருவர் கணக்குக் காட்டலாம். அந்தச் சேமிப்பை ஒரு தட்டிலும் வட்டியை மறு தட்டிலும் வைத்து நிறுப்பது நம் வேலை அல்ல. அந்த வழி அட்டவணைக்குள்ளேயே நுழையக் கூடாது. நன்கொடையாளரின் நிபந்தனையும் அப்படியே. ஹவுளுக்கு மோட்டார் வாங்க என்று ஒருவர் கொடுத்த பணத்தை விசிறிக்குத் திருப்ப அட்டவணை அனுமதி தராது. ஜகாத் பணத்தைப் பள்ளிவாசல் கட்டடச் செலவுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே பெரும்பான்மை உலமாக்களின் கருத்து. ஆகவே எந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறோம் என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்த பிறகே உட்கார வேண்டும். பழைய மெட்ராஸ் ஒட்டுக் கூரையா, கான்கிரீட் தளமா, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் சல்லடையில் சேரும். பொறியாளர் "தாங்காது" என்று சொன்னால் அங்கே பத்துக்கு மூன்று என்று போட இடமில்லை.

எடைகளையும் மதிப்பெண்களையும் பெருக்கும் முறைக்கு உள்ள பெரிய பலவீனமே இதுதான். ஒன்றில் மிக மோசமாக இருப்பது இன்னொன்றில் மிக நன்றாக இருந்து ஈடுகட்டிவிடும். ஈடுகட்டக் கூடாதவற்றை முன்பே பிரித்து வைக்காவிட்டால் எண்கள் நம்மை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும்.

இனி மதிப்பெண். இங்கே சில நடப்பு விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். 5 கிலோவாட் என்றால் சுமார் 20 யூனிட். சாதாரண மேல்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடும். ஒரு விசிறிக்கு 45 வாட் மிச்சம், 40 விசிறிக்கு 1800 வாட். விடுதியில் நாளுக்கு 11 மணி நேரம் ஓடினால் 19.8 யூனிட். அதாவது 3 லட்சம் ரூபாய்ச் சோலார் விளைவிக்கும் மின்சாரத்தை 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் விசிறிகள் செலவாகாமலேயே காப்பாற்றித் தந்துவிடுகின்றன.

ஆனால் இதே விசிறிகளைப் பள்ளிவாசல் உள்கூடத்தில் மாட்டினால் கதை வேறு. ஐந்து வக்துக்குமாகச் சேர்த்து நாளுக்கு 3 மணி நேரம் ஓடும் இடத்தில் மிச்சம் 5.4 யூனிட்தான். பொருள் ஒன்றே, எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பெண் மாறுகிறது. அடுத்த ஊர் ஜமாஅத் செய்ததை அப்படியே நாமும் செய்வதில் உள்ள ஆபத்து இதுவே.

சோலாரில் பலர் அறியாத செய்தி இன்னொன்று. மின்வாரிய இணைப்போடு, பேட்டரி இல்லாமல் போடப்படும் சோலார், கரண்ட் போனால் நண்பகல் வெயிலிலும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் மின்வாரியத் தொழிலாளிக்கு அபாயம் வரக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். "சோலார் போட்டும் மின்வெட்டில் இருட்டா?" என்று பிறகு கேட்டுப் பயனில்லை. தவிர, பள்ளிவாசலின் தேவை பெரிதும் இருட்டிய பிறகுதான். ஃபஜ்ரு, மஃரிப், இஷா, ரமளானில் தராவீஹும் சஹரும் எல்லாமே சூரியன் இல்லாத நேரம். பகலில் விளைந்ததை மின்வாரியத்துக்குக் கொடுத்து இரவில் எடுப்பதற்கான கணக்கு முறை உங்கள் இணைப்பு வகைக்கு உண்டா, அதற்குக் கட்டணம் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே சோலாருக்குச் சேமிப்பு மதிப்பெண் போட வேண்டும். ஹவுளுக்கும் மேல்தொட்டிக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நண்பகலில் ஓட்டுவது போன்ற சிறு மாற்றங்களும் இதில் உதவும். மினாராவின் நிழல் பேனலில் விழுகிறதா என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடியேறிப் பார்க்க வேண்டும். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழலும் அந்த வரிசை முழுவதின் விளைச்சலைக் குறைக்கக் கூடும்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து எங்கள் எடுத்துக்காட்டு மதரஸாவுக்கு இப்படி மதிப்பெண் போடலாம். வரிசை: போட்ட பணத்துக்குச் சேமிப்பு, மின்வெட்டில் உதவி, சமைப்பவர் உடல்நலம், பராமரிப்பு எளிமை, சுற்றுச்சூழல்.

5 கிலோவாட் சோலார்: 7, 0, 0, 6, 8
விசிறி மாற்றம்: 8, 3, 0, 7, 7
பேட்டரியுடன் சோலார்: 4, 9, 0, 4, 4
சமையற்கட்டு: 2, 0, 10, 6, 5

விசிறிக்கு மின்வெட்டில் 3 ஏன் என்றால், ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர் அதே பேட்டரியில் இரு மடங்குக்கும் கூடுதலான நேரம் விசிறிகளை ஓட்டும். பேட்டரிச் சோலாருக்குப் பராமரிப்பில் 4தான், ஏனென்றால் ஈய-அமிலப் பேட்டரியை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்கு அப்போது யார் நன்கொடை கேட்டுப் போவது?

இப்போது எடை. பொருளாளரும் நிர்வாகிகளும் மட்டும் உட்கார்ந்து சேமிப்புக்கு 40, மின்வெட்டுக்கு 20, உடல்நலத்துக்கு 10, பராமரிப்புக்கு 20, சுற்றுச்சூழலுக்கு 10 என்று போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிக் கூட்டினால் விசிறி 590, சோலார் 480, பேட்டரிச் சோலார் 460, சமையற்கட்டு 350. அடுப்பு கடைசி.

அதே கூட்டத்துக்குச் சமையல் செய்யும் பெண்களில் ஒருவரையும், விடுதி மாணவர்களில் மூத்தவர் ஒருவரையும், மோதினாரையும் அழைத்து எடையை மீண்டும் போடுகிறார்கள். சேமிப்பு 20, மின்வெட்டு 20, உடல்நலம் 35, பராமரிப்பு 15, சுற்றுச்சூழல் 10. இப்போது சமையற்கட்டு 530, விசிறி 395, பேட்டரிச் சோலார் 360, சோலார் 310. கடைசியில் இருந்தது முதலுக்கு வந்துவிட்டது. மதிப்பெண்களில் ஓர் எண்ணைக்கூட யாரும் தொடவில்லை.

பெரும்பாலான மஷூராக்களில் சண்டை எதைப் பற்றி என்பது இங்கே வெளிச்சமாகிறது. சோலார் எத்தனை யூனிட் தரும் என்பதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எது முக்கியம் என்பதில்தான் வேறுபாடு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால், குரல் உயர்ந்தவரின் எடை எல்லோருடைய எடையும் ஆகிவிடுகிறது. தினமும் அறுபது பேருக்குப் புகைக்குள் நின்று சோறு பொங்குபவர் அந்தக் கூட்டத்தில் இருப்பதே இல்லை. வீட்டுக்குள் சூழும் சமையல் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இருமலோடு வேலை செய்யும் அந்தத் தாய்மாரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காமல் போடப்படும் எடை குறையுள்ள எடை என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஒரே எடையோடு நின்றுவிடாமல் எடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் முறையின் பகுதி. ஐந்துக்கும் சமமாக 20 என்று வைத்தால் விசிறி 500, சமையற்கட்டு 460, சோலார் இரண்டும் ஆளுக்கு 420. மின்வெட்டு மிகுந்த ஊர் என்று மின்வெட்டுக்கு 45 கொடுத்து, சேமிப்பு 20, உடல்நலம் 10, பராமரிப்பு 15, சுற்றுச்சூழல் 10 என்று போட்டால் பேட்டரிச் சோலார் 585 எடுத்து முன்னே வரும். விசிறி 470 பெற்று இரண்டாவது. யார் எடை போட்டாலும் விசிறி முதல் இரண்டு இடங்களைவிட்டு இறங்கவே இல்லை. எனவே அதைத் தயங்காமல் செய்யலாம். மின்வெட்டு அதிகமில்லாத ஊரானால் விசிறியும் சமையற்கட்டும் சேர்த்து 2 லட்சத்து 70 ஆயிரத்தில் முடிந்துவிடும், 4 லட்சத்தில் மீதியும் இருக்கும். நாளுக்கு 20 யூனிட் தேவையே குறைந்துவிட்டதால், நாளை சோலார் போடும்போது 5 கிலோவாட்டுக்குப் பதில் சிறியது போதுமா என்றும் பார்க்கலாம். முதலில் குறைத்துவிட்டுப் பிறகு விளைவிப்பது என்ற வரிசைக்கு இந்தப் பலன் உண்டு.

வெளிநாட்டுப் பள்ளிவாசல்களிலும் பேனலோடு மற்றவையும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. மொராக்கோ அரசு 2016இல் அறிவித்த பசுமைப் பள்ளிவாசல் திட்டத்தில் 600 பள்ளிவாசல்களுக்கு எல்.இ.டி. விளக்கு, வெயிலில் நீர் சூடாக்கும் கருவி, சோலார் பேனல் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் 2022இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த அமைப்பிடமிருந்து பசுமைக் கட்டடச் சான்று பெற்றபோது, அதன் சோலார் பேனல்களோடு தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஏற்பாடுகளும் பேசப்பட்டன.

எடையை வெறுமனே "நூற்றுக்கு எத்தனை?" என்று கேட்டால் பலர் திணறுவார்கள். இதற்கு ஒரு வழி சொன்னவர் தாமஸ் சாட்டி. 1926இல் இராக்கின் மோசுல் நகரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து 2017இல் காலமான கணிதவியலாளர். 1970களில் அவர் உருவாக்கிய முறையில் ஒரே நேரத்தில் இரண்டை மட்டும் ஒப்பிட்டால் போதும். சேமிப்பா, பராமரிப்பா, எது முக்கியம்? எத்தனை மடங்கு? சமம் என்றால் 1, மிகமிக முக்கியம் என்றால் 9. ஐந்து அளவுகோலுக்குப் பத்துக் கேள்விகள் வரும். பராமரிப்பைவிடச் சேமிப்பு இரு மடங்கு, சுற்றுச்சூழலைவிடப் பராமரிப்பு இரு மடங்கு என்றால் சுற்றுச்சூழலைவிடச் சேமிப்பு நான்கு மடங்காக வர வேண்டும். மூன்றுக்கும் எடை 57, 29, 14 என்று பிரியும். ஒருவர் முதல் இரண்டுக்கும் அப்படிச் சொல்லிவிட்டு, மூன்றாவதில் "சுற்றுச்சூழல்தான் சேமிப்பைவிட முக்கியம்" என்றால் அவர் சொல்லில் முரண் இருக்கிறது. மறுபடி யோசிக்கச் சொல்லலாம். கொஞ்சம் முரண் மனித இயல்பு என்று சாட்டியும் விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் வகுத்த அளவீட்டில் பத்து விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம். இதைக் கணக்கிடக் கணினி தெரிந்த நம் பிள்ளைகள் யாரிடம் கொடுத்தாலும் விரிதாளில் போட்டுத் தருவார்கள்.

ஏமாற வாய்ப்புள்ள இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, ஒரே நன்மையை மூன்று பெயரில் எண்ணுவது. பில் குறையும், யூனிட் குறையும், கரிப்புகை குறையும் என்று மூன்று அளவுகோல் வைத்தால் மின்சாரம் மிச்சமாவது என்ற ஒன்றுக்கே மூன்று தடவை எடை கொடுத்ததாகும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட் மிச்சமானால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டே வருகின்றன. எங்கள் எடுத்துக்காட்டில் சுற்றுச்சூழலுக்குப் பெரும்பாலும் 10 மட்டும் வைத்ததற்கு இதுவே காரணம். சுற்றுச்சூழல் நமக்கு முக்கியமில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். இரண்டாவது, விலைப்புள்ளி வந்த பிறகு எடை போடுவது. ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து படம் காட்டிப் பேசிவிட்டுப் போன பிறகு, அவர் பொருளில் எது சிறப்போ அதற்கு எடை தானாகவே கூடிவிடும். எடையைப் போட்டு, தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு மூடி வைத்த பிறகே விலைப்புள்ளிகளைப் பிரிக்க வேண்டும்.

"முடிவை எண்ணிடம் ஒப்படைத்துவிட்டு மஷூரா எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கலந்தாலோசனையின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உள்ள வேதத்தைக் கொண்ட சமுதாயம் நாம். அதை அட்டவணைக்குக் கொடுத்துவிட முடியாது. அட்டவணை சொன்னது மனத்துக்கு ஒவ்வவில்லையானால், எந்த எடை தவறு, எந்த மதிப்பெண் தவறு, எதை எழுதாமல் விட்டோம் என்று விரல் வைத்துக் காட்டிப் பேசலாம். பெரும்பாலும் அப்போதுதான் யாரும் சொல்லாத ஒரு காரணம் வெளியே வரும். அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டு மீண்டும் கணக்கிடலாம்.

இனி எரிசக்தி உதவி கேட்டு எங்களுக்கு விண்ணப்பிக்கும் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் விண்ணப்பத்துடன் இவற்றையும் இணைக்கக் கோருகிறோம்: கடைசி ஆறு மின்கட்டண ரசீதுகளின் நகல், எந்த இடத்தில் எத்தனை விசிறி, விளக்கு, மோட்டார், நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற பட்டியல், சமையல் எதில் நடக்கிறது, மாதம் எவ்வளவு விறகு அல்லது எத்தனை சிலிண்டர் என்ற விவரம், குறைந்தது மூன்று மாற்று வழிகள் கொண்ட அட்டவணை, எடை போட்ட கூட்டத்தில் கலந்துகொண்டோர் பெயரும் கையெழுத்தும். சமையற்கட்டிலிருந்து ஒருவரின் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவரானால் கைரேகை போதும். அட்டவணை நிரப்ப உதவி தேவைப்பட்டால் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒருவர் வந்தால் போதும்; உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பிக் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.